கரும்பொருளின் சூடும் நிறமும்

சிவகாசி வட்டாரத்தில், எம். புதுப்பட்டியையும் அதை அடுத்துள்ள சிற்றூர்களையும் சார்ந்த பட்டாசு ஆலைகளிலிருந்து வெளியேறும் சரக்கு எத்தனை ரகமாக இருந்தாலும், அது எரியும்போது தரும் ஒளி அடிப்படையில் இரண்டே வகைப்படும். கம்பி மத்தாப்பிலிருந்து பொன்னிறமாகச் சிதறும் பொறிகள் இரும்புத் துகள்கள் சூடேறிக் கனல்வதால் தோன்றுபவை. அவற்றின் நிறத்தைத் தீர்மானிப்பது, துகள் எந்த உலோகத்தால் ஆனது என்பதைவிட, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே. வானில் விரியும் பேன்சி ரகங்களில் அடைக்கப்படும் மணி மருந்தின் நிறமோ இதற்கு நேர்மாறானது: ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பையும், செம்பின் சேர்மங்கள் நீலத்தையும், பச்சை உப்பு என்று ஆலைகளில் வழங்கும் பேரியம் நைட்ரேட் பச்சையையும் தருவதற்குக் காரணம், அந்தந்தப் பொருளின் அணுக்களும் மூலக்கூறுகளும் தமக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழ்வதுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்த பின்னர், அதே அடர் பச்சையை வேறொரு பொருளிலிருந்து பெறுவது எளிதாக இல்லாமல் போனதும் இதனால்தான். சூட்டைக் கூட்டியோ குறைத்தோ அந்தப் பச்சையை வரவழைக்க முடியாது.

சூட்டினால் வரும் ஒளி, பொருளின் இயல்பினால் வரும் ஒளி என்ற இந்த இரண்டும், கரும்பொருளைத் தேடும் இன்றைய அகச்சிவப்பு வானியலுக்கு இரு வேறு வழிகளாக அமைந்துள்ளன. ஒளியை உமிழாத, உறிஞ்சாத, சிதறடிக்காத ஒரு பொருளைத் தொலைநோக்கி கொண்டு தேடுவது முரண்பாடாகத் தோன்றலாம். ஆயினும் தான் ஒளிராத ஒன்று வேறொன்றைச் சூடேற்றக்கூடும், அல்லது மிக மிக அரிதாகத் தானே சிதைந்து ஒளியாக மாறக்கூடும் என்பதை மறுக்க இதுவரை எந்தச் சான்றும் இல்லை.

கரும்பொருள் என ஒன்று இருப்பதற்கான முதல் வலுவான குறிப்பு 1933-இல் கிடைத்தது. கோமா கொத்து எனப்படும் விண்மீன் திரள்களின் கூட்டத்தை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, அத்திரள்கள் ஓடும் வேகத்தில் கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும் என்றும், சிதறாமல் கட்டி வைக்கும் ஈர்ப்புக்குக் கண்ணில் படும் பொருள் போதாது என்றும் கணித்தார். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரமேடா திரளின் சுழற்சியை அளந்தபோது, மையத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள பகுதிகளும் வேகம் குறையாமலே சுற்றுவது தெரிந்தது. அதன் பிறகு வந்த சான்றுகள் பலவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இன்றைய கணக்கில் பேரண்டத்தின் பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருளே. ஆனால் அது எங்கோ தொலைவில் குவிந்து கிடப்பதல்ல. சூரியன் இருக்கும் பகுதியில் மூன்று கன சென்டிமீட்டருக்குத் தோராயமாக ஒரு புரோட்டானின் நிறை என்ற அளவில், விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், மனித உடல், மலை, கோள் எனப் பாராமல் எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கிறது.

அகச்சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்து, அதைவிட நீண்ட அலைநீளங்களைக் கொண்ட ஒளி. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, சிவப்பைத் தாண்டிய இருட்டில் வெப்பமானியை வைத்தபோது பாதரசம் ஏறியதிலிருந்து இது அறியப்பட்டுள்ளது. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்லும் தீபாவளி எச்சரிக்கையின் பின்னாலும் இருப்பது இந்த இயற்பியல்தான்: ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசுக்குக் கீழே இரும்பு கண்ணுக்குக் கனல்வதில்லை, ஆனால் அகச்சிவப்பில் அது வெகுநேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பொருளின் வெப்பநிலை குறையக் குறைய அதன் ஒளியின் உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும் என்பது இதற்கான விதி; சூரியனின் மேற்பரப்பைப் போல 5,800 கெல்வின் சூட்டில் உச்சம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் விழுகிறது, 1,750 கெல்வினில் ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டரில் விழுகிறது.

இந்த 1,750 கெல்வின் என்ற எண் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னதன்று. 2017-இல் மாஷா பார்யக்தர், ஜோசப் பிரமான்டே, ஷெர்லி வெய்ஷி லி, டிம் லிண்டன், நிர்மல் ராஜ் ஆகிய ஐவர் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்ட கணிப்பின் மையம் அது. இவர்களுள் நிர்மல் ராஜ் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து இதே ஆய்வை அங்கு தொடர்ந்து வருகிறார். கரும்பொருளைப் பிடிக்க மனிதர் கட்டும் கருவிகளைவிடப் பன்மடங்கு சிறந்த கருவியொன்றை இயற்கையே செய்து வைத்திருக்கிறது, அது முதிர்ந்து குளிர்ந்த நியூட்ரான் விண்மீன் என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தின் வேர் சென்னையைத் தொட்டுச் செல்கிறது. 1930-இல் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட சுப்ரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எச்சம் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் தன் எடையைத் தானே தாங்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். சூரியனைப் போல 1.4 மடங்கு என இன்று அறியப்படும் அந்த வரம்பைத் தாண்டும் விண்மீன் உள்ளகம் சரிந்து நொறுங்கும்போது, எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து நியூட்ரான்களாகி, சூரியனின் நிறையை விஞ்சிய ஒரு பொருள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட சாலைத் தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான்.

இத்தகைய உருண்டையின் ஈர்ப்பில் சிக்கும் கரும்பொருள் துகள், மேற்பரப்பை அடைவதற்குள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் எட்டிவிடுகிறது. உள்ளே நியூட்ரான்கள் நெருங்கி அடைந்து கிடப்பதால், பூமியை ஆயிரம் முறை ஊடுருவியும் எதிலும் முட்டாமல் போகும் துகள்கூட அங்கே ஒரு முறையாவது மோதித் தன் இயக்க ஆற்றலை இழந்து, வெளியேற முடியாமல் தங்கிவிட வாய்ப்புண்டு. சூரியனுக்கு அருகிலுள்ள கரும்பொருளின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், ஒரு நியூட்ரான் விண்மீன்மேல் விநாடிக்கு விழுவது ஏறத்தாழ 70 கிராம். கைப்பிடி அளவுகூடத் தேறாத இந்தச் சில்லறை எடை, அது விழும் வேகத்தின் காரணமாக, அவ்வளவு பெரிய உருண்டையைத் தொடர்ந்து வெதுவெதுப்பாக வைத்திருக்கப் போதுமானது என்பதே கணிப்பின் வியப்பு. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த விண்மீன் 1,750 கெல்வின் சூட்டில் கனல்வதாகத் தெரியும். பிடிபட்ட துகள்கள் உள்ளே ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மேலும் ஆற்றல் தருமானால் சூடு 2,500 கெல்வினை நெருங்கும். ஆகவே சூட்டின் அளவே கரும்பொருளின் குணத்தைப் பற்றியும் ஓரளவு சொல்லிவிடும்.

கரும்பொருள் எதுவும் செய்யாவிட்டால் நிலைமை என்ன? பிறக்கும்போது கோடிக்கணக்கான கெல்வின் சூட்டோடு தோன்றும் நியூட்ரான் விண்மீனுக்கு எரிப்பதற்கென்று உள்ளே எதுவும் இல்லை. சில கோடி ஆண்டுகளில் அது ஆயிரம் கெல்வினுக்குக் கீழே இறங்கி, நூறு கோடி ஆண்டுகளில் சில நூறு கெல்வினையும் இழந்துவிட வேண்டும். முதிய நியூட்ரான் விண்மீன் ஒன்றை அகச்சிவப்பில் பார்ப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது: அது குளிர்ந்திருக்க வேண்டிய வயதில் குளிராமல் இருந்தால், யாரோ அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

யார் என்ற கேள்விக்கு விடை அத்தனை எளிதாகக் கிடைக்காது. நியூட்ரான் விண்மீன் சுழற்சி தளரத் தளர அதன் உள்ளழுத்தம் மாறி, உள்ளே அணுக்கரு மாற்றங்கள் நிகழ்ந்து வெப்பம் பிறக்கலாம்; உராய்வின்றிப் பாயும் அதன் உட்பாய்மத்தில் தோன்றும் சுழிகள் மேலோட்டோடு இழுபட்டு நகர்வதாலும் வெப்பம் பிறக்கலாம். இந்த உள்நாட்டுச் சூடுகளுள் ஏதேனும் ஒன்று கரும்பொருளின் சூட்டை விஞ்சிவிட்டால், கண்ட ஒளியை எதன் கணக்கில் எழுதுவது என்பதில் குழப்பம் நேரும். ஆகவே வெதுவெதுப்பான ஒரு விண்மீனைக் கண்டுபிடிப்பது செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெறும் என்றாலும், உண்மையில் ஆய்வுக்கு அதிக உறுதி தரக்கூடியது அதற்கு எதிரான முடிவே. போதிய அளவு அருகில், போதிய அளவு முதிர்ந்த விண்மீன் ஒன்று ஆயிரம் கெல்வினுக்கும் கீழே குளிர்ந்து கிடப்பது உறுதியானால், கரும்பொருளுக்கும் நியூட்ரானுக்கும் இடையே கற்பிக்கப்பட்டுள்ள பலவகை உறவுகள் ஒரே அடியில் விலகிப்போகும். இந்த அடி நிலத்தடிக் கருவிகளின் கை எட்டாத சில இடங்களிலும் விழும். ஜார்க்கண்டின் ஜாதுகோடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் நடத்தும் ஆய்வகமும், பாறைக்குள் அமையவிருந்து தடைப்பட்டு நிற்கும் தேனி மாவட்டப் பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்தோடு சேர்த்து யோசிக்கப்பட்ட கரும்பொருள் ஆய்வும், துகள் மெதுவாக வந்து முட்டும் மோதலையே எதிர்பார்ப்பவை. ஒளியின் வேகத்தில் பாதியை எட்டிய துகள் மட்டுமே நிகழ்த்தக்கூடிய, அதிக ஆற்றல் கேட்கும் மோதல்களைப் பூமியில் அமர்ந்து பார்க்க வழியில்லை.

இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிகக் குளிர்ந்த நியூட்ரான் விண்மீன், 8.5 விநாடிக்கு ஒரு முறை சுழலும் ஜே2144-3933 என்ற பல்சர், அதாவது வானொலியில் துடிக்கும் நியூட்ரான் விண்மீன். ஹப்பிள் தொலைநோக்கி கொண்டு புற ஊதா ஒளியில் தேடியும் அது தென்படாததால், அதன் மேற்பரப்பு 42,000 கெல்வினுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று 2019-இல் முடிவு செய்யப்பட்டது. 42,000-க்கும் 1,750-க்கும் உள்ள இடைவெளி பெரிது. அந்த இடைவெளிக்குள் ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கிகள் எவ்வளவு தூரம் இறங்க முடியும் என்று 2024-இல் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் தனியே கணக்கிட்டுக் காட்டியிருப்பது, நேரே கரும்பொருளின் எல்லைக்குத் தாவாமல் படிப்படியாக இறங்கிப் பார்க்கும் நிதானத்தைக் காட்டுகிறது.

இரண்டாவது வழி, சூட்டை விட்டுவிட்டு நிறத்தைத் தேடுவது. கரும்பொருள் ஆக்ஸியானைப் போன்ற மிக இலேசான துகள்களால் ஆனதாக இருந்தால், அத்துகள் ஒன்று என்றேனும் இரண்டு ஒளித்துகள்களாகச் சிதையலாம். அப்போது துகளின் நிறைக்குச் சமமான ஆற்றல் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் பாதி போய்ச் சேரும். எலக்ட்ரானின் நிறையில் ஏறத்தாழ இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கான இரண்டு எலக்ட்ரான் வோல்ட் நிறை அத்துகளுக்கு இருக்குமானால், வெளிவரும் ஒளி சரியாக 1.24 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அமையும். துகள்கள் அனைத்தும் ஒரே நிறையுடையவை என்பதால், அவற்றின் ஒளி பரவலாக விரியாமல், மணி மருந்திலுள்ள சோடியத்தின் மஞ்சளைப் போல, நிறமாலையில் ஒற்றை மெல்லிய கோடாக விழ வேண்டும்.

அறியாத கோடு ஒன்று வானில் தென்பட்டு, அதன் வழியே அறியாத பொருள் கண்டுபிடிக்கப்பட்டதற்கு முன்னுதாரணம் தென்னிந்தியாவிலேயே உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனும் சூரிய விளிம்பின் நிறமாலையை ஆராய்ந்தனர்; அங்குத் தென்பட்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில் இருந்தும் அதனோடு பொருந்தவில்லை. ஹீலியம் எனப் பெயர் பெற்ற அத்தனிமம் பூமியில் பிரித்தெடுக்கப்பட்டது 1895-இல்தான். ஆனால் அந்தக் கிரகணத்துக்கு அடுத்த ஆண்டே, 1869-இல், வேறொரு கிரகணத்தில் தென்பட்ட பச்சைக் கோட்டுக்கும் இதே நம்பிக்கையோடு கொரோனியம் என்ற புதுத் தனிமம் கற்பிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, அது பத்து லட்சம் கெல்வினுக்கு மேற்பட்ட சூட்டில் பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பின் கோடு என்று தெளிந்தது. கரும்பொருள் ஆய்வாளர் யாரும் முதல் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நிறமாலையைப் பார்க்கத் துணிவதில்லை. 2014-இல் எக்ஸ் கதிர் நிறமாலையில் 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே கண்டதாக அறிவிக்கப்பட்ட கோடு, கரும்பொருளுடையதா, வேறு அணுக்களுடையதா, உண்மையிலேயே இருக்கிறதா என்ற விவாதம் பத்தாண்டுகளுக்கு மேலும் நீண்டது.

அகச்சிவப்பில் இந்தக் கோட்டைத் தேடுவதில் பெரும் இடைஞ்சல் பூமியின் இரவு வானமே. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுவதும் மங்கலாக ஒளிர்ந்து, தேடப்படும் அலைநீளங்களிலேயே நூற்றுக்கணக்கான கோடுகளை இறைத்துவிடுகின்றன. இதைச் சமாளிக்க ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் ஒருசேர வாய்ந்தது. டோக்கியோ பெருநகரப் பல்கலைக்கழகத்தின் வென் யின் தலைமையிலான அக்குழு, சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையிலுள்ள 6.5 மீட்டர் மெஜல்லன் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட வைன்ரெட் என்ற நுண் நிறமாலைமானியைக் கொண்டு, சிம்மம் ஐந்து, டுகானா இரண்டு எனப்படும் இரு குறு விண்மீன் திரள்களை நோக்கியது. இத்திரள்களில் விண்மீன்கள் மிகக் குறைவு, கரும்பொருளோ மிக அதிகம். எனவே வேறு ஒளிகளின் இரைச்சல் குறைவு. அதோடு, முதலாவது திரள் சூரியனை விட்டு விலகிச் செல்வதும் இரண்டாவது நெருங்கி வருவதும் தேடுவோருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. கரும்பொருளிலிருந்து வரும் கோடு முதலாவதில் சற்று நீண்ட அலைநீளத்துக்கும் இரண்டாவதில் சற்றுக் குறுகிய அலைநீளத்துக்கும் நகர்ந்திருக்க வேண்டும். பூமியின் வளிமண்டலத்திலிருந்து வரும் கோடுகளோ எந்தப் பக்கம் நோக்கினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2025-இல் வெளியான அவர்களுடைய முடிவு, கோடு எதுவும் தென்படவில்லை என்பது. ஏறத்தாழ நான்கு மணி நேர நோக்கலே, 1.8 முதல் 2.7 எலக்ட்ரான் வோல்ட் வரை நிறையுள்ள ஆக்ஸியான் வகைத் துகள்கள் கரும்பொருளாக இருக்குமானால் அவற்றின் ஆயுள் பேரண்டத்தின் இன்றைய வயதைப் போல இரண்டு கோடி மடங்குக்கும் குறையாமல் இருந்தாக வேண்டும் என்று வரையறுத்துவிட்டது. ஒரு துகள் சிதைய அவ்வளவு காலம் ஆகுமெனில் அதை எப்படி நான்கு மணி நேரத்தில் சோதிக்க முடியும் என்ற ஐயம் எழலாம். துகள்களின் எண்ணிக்கை கணக்கிலடங்காதது என்பதால், அவற்றுள் மிகச் சிறு பங்கு சிதைந்தாலும் கோடு தெரிந்தாக வேண்டும் என்பதே விடை. வளிமண்டலத்தின் தொல்லையே இல்லாத ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதிவுகளிலும் இதே தேடல் நடக்கிறது. பால்வெளியின் கரும்பொருள் சூரியனைச் சூழ்ந்து எல்லாத் திசையிலும் பரவியிருப்பதால், வெப் எந்தப் பொருளைப் படமெடுத்தாலும் அதன் பார்வை கரும்பொருளை ஊடுருவித்தான் செல்கிறது. ரயன் ஜேனிஷ், எலெனா பினெட்டி ஆகிய இருவர், வேறு ஆய்வுகளுக்காக எடுக்கப்பட்ட வெற்று வானின் நிறமாலைகளையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். ஒருவர் கழித்து ஒதுக்கிய பின்புல ஒளி மற்றொருவருக்கு மூலப்பொருளாவது வானியலில் அடிக்கடி நிகழ்வது.

இந்தியாவில் அகச்சிவப்பு வானியலுக்கு இடங்கள் இல்லாமலில்லை. அகச்சிவப்பை நீராவி உறிஞ்சிவிடும் என்பதால் உயரமும் வறட்சியும் தேவை. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியும், நைனிடாலை அடுத்த தேவஸ்தலில் 2016-இல் தொடங்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியும் அகச்சிவப்புக் கருவிகளோடு இயங்குகின்றன. கரும்பொருளால் சூடேறிய நியூட்ரான் விண்மீனுக்கு இவை போதா. அதன் மொத்த ஒளித்திறன் சூரியனுடையதில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. முப்பது ஒளியாண்டுத் தொலைவில் இருந்தால்கூட வெப் ஏறத்தாழ ஒரு லட்சம் விநாடி, அதாவது ஒரு நாளுக்கு மேல், அதையே உற்று நோக்க வேண்டியிருக்கும். 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை வெப்புடன் சேர்த்துக் குறிப்பிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. 492 கண்ணாடித் துண்டுகளை ஒரே கண்ணாடியாக இணைக்கும் அதன் வடிவமைப்பில், அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்புகள் நானோமீட்டர் அளவில் விலகினாலும் உணர்த்தும் உணரிகளின் முன்மாதிரிகள் புதுச்சேரியில் செய்யப்பட்டன. கண்ணாடித் துண்டுகளைப் பட்டை தீட்டும் கூடம் பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயில் அமைந்தது. ஆனால் ஹவாய் மக்கள் புனிதமாகக் கருதும் மௌனா கியா மலையில் அதைக் கட்டுவதற்கு எழுந்த எதிர்ப்பும், அமெரிக்க அரசின் நிதித் தயக்கமும் அத்திட்டத்தை முடக்கிப் போட்டுள்ளன. சிலியில் எழும்பிவரும் 39 மீட்டர் ஐரோப்பியத் தொலைநோக்கி இப்பத்தாண்டின் இறுதியை ஒட்டிக் கண் திறக்கக்கூடும்.

தொலைநோக்கியைவிடப் பெரிய குறை, அதை எங்கே திருப்புவது என்பதுதான். பால்வெளியில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை நியூட்ரான் விண்மீன்கள் இருக்கலாம் என்றும், அந்தக் கணக்கில் சூரியனிலிருந்து முப்பது, நாற்பது ஒளியாண்டுக்குள் ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும் என்றும் மதிப்பிடப்படுகிறது. ஆனால் அறியப்பட்டவற்றுள் மிக அருகில் உள்ளவையோ சில நூறு ஒளியாண்டுத் தொலைவில், இன்னும் இளமையின் சூட்டோடு இருப்பவை. முதியவை மெதுவாகச் சுழன்று, வானொலித் துடிப்பும் ஓய்ந்து, யார் கண்ணிலும் படாமல் அலைகின்றன. ஆயினும் முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகக் கோட்பாடு கருதிய வேகத்தில் சுழலும் ஜே2144-3933 இன்னும் துடிக்கிறது என்பது, இத்தகையவற்றை வானொலியில் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி அப்பணிக்கு ஏற்றது என்று அந்த ஐவரும் சுட்டிக்காட்டினர். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்படும் எஸ்கேஏ வானொலித் தொலைநோக்கி அதைவிட விரிவாகத் தேடும், அதில் சேர இந்திய அரசு 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்துள்ளது. அவற்றுள் ஏதேனும் ஒன்று முப்பது ஒளியாண்டுக்குள் மெலிந்த துடிப்பொன்றைக் கண்டு முகவரி தரும் வரையில், வெப்பின் அகச்சிவப்புக் கருவிகளுக்கு இந்த வழியில் செய்ய வேலை இல்லை. அதற்கோ எரிபொருள் இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் வரும் என்பதே மதிப்பீடு, அதில் முதல் சில ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.